இடம் வகுக்கும் உரிமை

ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் கைப்பேசிகளுக்கும் ஐபி முகவரி கொடுக்கும் வேலையை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது என்பது மேலோட்டமாகத் தொழில்நுட்பக் கேள்விதான். இணைய இணைப்போடு வந்த ரவுட்டரா, மூலையில் ஓடும் சர்வரா, தனியாக வாங்கி வைத்த ஃபயர்வாலா என்று ஒன்றைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தேர்வுக்குக் காரணம் கேட்கத் தொடங்கியதும் மிகப் பழைய கேள்வி ஒன்று எழுகிறது. பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தை வகுத்துத் தரும் உரிமை யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது? வலிமையாலா, பிறப்பிட உயர்வாலா, முதலில் வந்து நின்றதாலா, எல்லோரும் ஒப்புக்கொண்டதாலா? ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரை இதே கேள்வியைக் கோயிலிலும் கண்மாயிலும் கடலிலும் நெடுங்காலமாகச் சந்தித்து வந்திருக்கிறது. அங்கே எட்டப்பட்ட விடைகளையும், எட்டப்படாமல் நிற்கும் விடைகளையும் அருகில் வைத்துப் பார்த்தால் அலுவலகத்தின் கேள்வியும் தெளிவாகிறது.

முகவரி எப்படிக் கைமாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கான முறையின் பெயர் டிஎச்சிபி. 1985இல் வந்த பூட்பி என்னும் எளிய முறையிலிருந்து அது வளர்ந்தது. இன்றைக்கும் ஆதாரமாக நிற்கும் விதிமுறை, ரால்ஃப் டிரோம்ஸ் எழுதி 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எப்.சி 2131. புதிதாக இயக்கப்பட்ட கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது, பிறர் முகவரியும் தெரியாது. ஆகவே குறிப்பிட்ட ஒருவரை அழைக்க முடியாமல், அந்த வலையமைப்பில் இருக்கும் அனைவருக்கும் கேட்கும்படி ‘முகவரி தருவோர் உண்டா’ என்று அழைக்கிறது. கேட்ட சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கிறது. கணினி அதை ஏற்பதாக மீண்டும் எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறது. வேறு சர்வர் எதுவும் முகவரி முன்வைத்திருந்தால் அது தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காகத்தான் இந்தப் பகிரங்க அறிவிப்பு. கடைசியில் சர்வர் உறுதி செய்கிறது. இப்படிக் கிடைக்கும் முகவரி சொத்தாகாது, குத்தகை. பாதிக் காலம் கழிந்ததும் கொடுத்தவரிடமே புதுப்பிக்கக் கேட்க வேண்டும். எட்டில் ஏழு பங்கு கழிந்தும் அவரிடமிருந்து பதில் இல்லையென்றால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். காலம் முழுதும் முடிந்தால் முகவரியைக் கைவிட வேண்டும்.

இந்தச் சிறு உரையாடலில் கவனிக்க வேண்டியது, கேட்கும் கணினி கொடுப்பவரின் தகுதியைச் சோதிப்பதில்லை என்பது. பெரும்பாலும் யார் முதலில் பதில் சொன்னாரோ அவரையே அது நம்புகிறது. ஒரேயொரு பாதுகாப்பு அதற்கு உண்டு: தரப்பட்ட முகவரியில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் ‘வேண்டாம்’ என்று மறுக்கலாம். அதிகாரம் தன் தகுதியைக் காட்டாமலேயே ஏற்கப்படுவதும், ஏற்பவரிடம் மறுக்கும் உரிமை ஒரு நுனியில் மிஞ்சியிருப்பதும், இரண்டும் இந்த விதிமுறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே தவறு நேர்வது எளிது. மண்டபத்தில் மீன் கொள்முதல் கணக்குப் பார்க்கும் அறையிலோ, ராமநாதபுரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்திலோ, ராமேஸ்வரத்தில் யாத்திரிகர் விடுதியிலோ வைஃபை பின்னறை வரைக்கும் எட்டவில்லை என்று கடைத்தெருவில் இன்னொரு ரவுட்டர் வாங்கி வந்து, அதன் உள்பக்கத் துளையில் கேபிளைச் செருகிவிட்டால் போதும். அந்த ரவுட்டரும் பெட்டியிலிருந்து வெளியே வந்த நேரம் முதல் முகவரி கொடுக்கத் தயாராகவே இருக்கிறது. அன்றிலிருந்து அலுவலகத்தில் வகுப்பவர் இருவர். சில கணினிகள் 192.168.1 என்று தொடங்கும் முகவரியும், சில 192.168.0 என்று தொடங்கும் முகவரியும் பெறும். ஒரு பாதிக்குப் பிரிண்டர் தெரியாது. இரண்டு ரவுட்டரும் ஒரே தொடரிலிருந்து கொடுக்கும்படி அமைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு கணினிகள் ஒரே முகவரியில் நின்று, ஒன்றுக்கு வரும் செய்தி மற்றொன்றுக்குப் போகும். இதில் எந்த ரவுட்டரும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தன் ஏட்டில் யாருக்கு எது கொடுத்தது என்று பிழையின்றிக் குறித்து வைத்திருக்கிறது. இரண்டு நேர்மையான ஏடுகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதுதான் குழப்பத்தின் முழுக் காரணம். தீய நோக்கம் இல்லாத இடத்திலும் அதிகாரம் ஏன் ஒன்றாக இருக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே இடத்துக்கு உரிமையுள்ள இருவர் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்பதை ராமேஸ்வரம் தலவரலாறு நேராகவே எதிர்கொள்கிறது. இராமன் சிவபூசை செய்ய விரும்பி, கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமனை அனுப்பினான். குறித்த நல்ல நேரம் நெருங்கியும் அனுமன் வரவில்லை. சீதை கடற்கரை மணலால் லிங்கம் பிடித்தாள். இராமன் அதையே நிறுவி வழிபட்டான். பிறகு வந்து சேர்ந்த அனுமன், தான் சுமந்து வந்த லிங்கத்துக்கு இடமில்லாததைக் கண்டு வருந்தி, மணல் லிங்கத்தை வாலால் சுற்றிப் பெயர்க்க முயன்றும் முடியவில்லை. இராமன் இரண்டில் எதையும் தள்ளவில்லை. மணல் லிங்கமே மூலவர் இராமநாதராக நிலைத்தது. அனுமன் கொண்டுவந்தது விசுவநாதர் என்ற பெயரில் அதன் வடபுறத்தில் அமைந்தது. முதல் பூசை அதற்கே என்று இராமன் ஆணையிட்டான். கோயிலில் இன்றும் விசுவநாதருக்குப் பூசை முடிந்த பிறகே இராமநாதருக்குப் பூசை நடக்கிறது. நிரம்பவழகிய தேசிகர் இயற்றிய சேதுபுராணம் இத்தலத்தின் பெருமைகளைத் தமிழில் விரித்துரைக்கும் நூல்.

பக்தர்கள் இதை அனுமனின் மனம் நோகாமல் காத்த கருணையாகக் கொள்வார்கள்; அது சரியே. அதோடு, முதன்மையைப் பற்றிய ஒரு ஆழ்ந்த சிந்தனையும் இதில் உண்டு. கயிலையிலிருந்து வந்தது பிறப்பிடத்தால் உயர்ந்தது, ஆணைப்படி கொண்டுவரப்பட்டதும் அதுவே. மணலால் ஆனதற்கு அந்த உயர்வு எதுவும் இல்லை. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட இடத்தில் இருந்தது அதுதான். இரண்டு உரிமைகளும் மெய்யானவை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. எனவே ஆணை இட்டவன் ‘முதல்’ என்பதையே இரண்டாகப் பிரித்தான். இருக்கையில் முதன்மை ஒருவருக்கு, வரிசையில் முதன்மை மற்றவருக்கு. இரண்டு முதன்மையும் ஒன்றின் மேல் ஒன்று படியாததால் அவை மோதவில்லை. இந்தப் பிரிவை அவ்விரண்டில் ஒன்று தானே எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டுக்கும் பொதுவான ஒருவன் சொன்னான் என்பதும் முக்கியம். வலையமைப்பிலும் இரண்டு சர்வர்கள் சேர்ந்து முகவரி கொடுக்க முடிகிற வழிகள் இந்தத் தர்க்கத்துக்கு உட்பட்டவையே. முகவரித் தொடரை இரு கூறாக்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம்; அல்லது விண்டோஸ் சர்வர் 2012 முதல் கிடைக்கும் ஏற்பாட்டைப் போல இரண்டும் ஒரே குத்தகை ஏட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். கூறும் பிரிக்காமல், ஏடும் பகிராமல் இருவர் வகுப்பது மட்டும் இயலாது.

அதிகாரம் ஏன் வேண்டும் என்று கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பற்றாக்குறை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வைகை ஆறு நேரே கடலில் சேராமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. வரும் நீர் முழுவதையும் கண்மாய்களில் தேக்கிப் பயிர் செய்த நிலம் இது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாய் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. மடையைத் திறந்து, வயல் வயலாக நீர் விடும் பொறுப்பு இப்பகுதி ஊர்களில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பெயர் பெற்ற ஆட்களிடம் இருந்தது. அறுவடையில் ஒரு பங்கு தானியம் அவர்களுக்குக் கூலி. கண்மாய் நிறைந்திருக்கும் நாட்களில் அவரவர் வாய்க்காலை அவரவரே திறந்துகொள்வார்கள். நீர் குறையத் தொடங்கியதும் ஊர் கூடி முறை வைக்கும். அதன் பிறகு நீர்பாய்ச்சியைத் தவிர வேறு யாரும் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கக் கூடாது. மிகுதியில் தூங்கும் அதிகாரம் பற்றாக்குறையில் விழிக்கிறது.

நீர்பாய்ச்சியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது கசப்பானது. பல ஊர்களில் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் சாதி ஏணியின் கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள். அந்த ஆயக்கட்டில் அவர்களுக்குப் பெரிய நிலம் இல்லாததே நடுநிலைக்கு உத்தரவாதம் என்று கருதப்பட்டது. தன் வயல் காய்கிறது என்று முறையை மாற்ற அவருக்குக் காரணம் இல்லை. வகுப்பவருக்கு வகுக்கப்படும் பொருளில் பங்கு இருக்கக் கூடாது என்ற கொள்கை சரியானது. ஆனால் அந்தச் சரியான கொள்கை, நிலமற்றோரை நிலமற்றோராகவே வைத்திருந்த அநீதியின் தோளில் ஏறி நின்றது. பெரிய நிலக்காரரின் வயலுக்கு எப்போது நீர் என்று முடிவு செய்யும் ஆள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவராக இருந்தார் என்பதிலிருந்து ஒன்று விளங்குகிறது: இடம் வகுக்கும் அதிகாரமும் சமூக உயர்வும் வேறு வேறு. முன்னது இருந்தால் பின்னது தானாக வந்துவிடுவதில்லை.

சிறிய அலுவலகத்தில் பற்றாக்குறை கிடையாது. தனியார் வலையமைப்புகளுக்கென்று 1996இல் ஆர்.எப்.சி 1918 ஒதுக்கி வைத்த முகவரிகளில் 192.168.1 என்ற ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொண்டாலே 254 கருவிகளுக்கு இடமுண்டு; அலுவலகத்தில் இருப்பதோ பதினைந்து, இருபது. பிறகு ஏன் வகுப்பவர் வேண்டும்? ஒரு முகவரியில் ஒருவர்தான் இருக்க முடியும் என்பதால். பூசை வரிசையில் முதல் இடம் ஒன்றே ஒன்று என்பது எத்தகைய உண்மையோ அத்தகைய உண்மை இது. பொருள் போதாமையால் வந்தது அல்ல. பற்றாக்குறையைப் போக்கினால் அதிகாரமே தேவையற்றுப் போகும் என்று நம்பிய அரசியல் சிந்தனைகள் இந்த இரண்டாவது காரணத்தைக் கணக்கில் கொள்ளத் தவறின. ஜான் ஃபின்னிஸ் 1980இல் வெளியிட்ட ‘இயற்கைச் சட்டமும் இயற்கை உரிமைகளும்’ என்ற நூலில் இதைச் செம்மையாக எடுத்துக்காட்டுகிறார்: நல்லவர்களும் அறிவுள்ளவர்களும் மட்டுமே வாழும் சமூகத்திலும், ஏற்கத்தக்க வழிகள் பல இருந்தால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து எல்லோரையும் அதில் நிறுத்த ஒன்று ஒருமித்த சம்மதம் வேண்டும், அல்லது அதிகாரம் வேண்டும். 192.168.1.20 என்ற முகவரி பிரிண்டருக்கா கணக்கர் கணினிக்கா என்பதில் நியாயம் அநியாயம் எதுவுமில்லை. யாரோ ஒருவர் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விதிமுறையில் விடை இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பதில் வராத கணினி, 169.254 என்று தொடங்கும் தொடரிலிருந்து ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்கிறது. 2005இல் வந்த ஆர்.எப்.சி 3927 இதை வகுத்துரைக்கிறது. அந்த முகவரியோடு அதே கேபிளில், அதே நிலையில் இருக்கும் அண்டைக் கருவிகளுடன் பேசலாம், வெளியுலகோடு பேச முடியாது. அரசனில்லாத நிலையில் மனித வாழ்வு அனைவரோடு அனைவரும் பொருதும் போராகிவிடும் என்று 1651இல் ‘லெவியத்தான்’ நூலில் ஹாப்ஸ் வாதிட்டார். வலையமைப்பு காட்டும் படம் அவ்வளவு கொடியதாக இல்லை. வகுப்பவர் இல்லாதபோது கருவிகள் சாவதில்லை, பெரும்பாலும் சண்டையும் போடுவதில்லை. அவற்றின் உலகம் கைக்கெட்டும் தூரத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

வகுப்பவர் கொடுப்பது இருப்பையா இடத்தையா என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தெளிவான நிலைப்பாடு கொண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழியில் பதி, பசு, பாசம் என்னும் இறைவன், உயிர், தளை மூன்றும் அனாதி. இறைவன் உயிர்களைப் படைப்பதில்லை. அவை என்றும் உள்ளவை. அவற்றின் வினைக்கேற்ப உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும், தனு கரண புவன போகம் என்று சித்தாந்திகள் சொல்லும் நான்கையும், கூட்டுவிக்கிறான். அவை குறிப்பிட்ட காலத்துக்கு உரியவை. உயிர் அவற்றைக் கடந்து நிலைப்பது. இல்லாததிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கடவுள் உண்டாக்கினார் என்று கொள்ளும் சமயங்களிலிருந்து சித்தாந்தம் பிரியும் இடம் இதுவே. கொடுப்பவர் மேலானவர் என்பதை அது முழுமையாக ஏற்கிறது, ஆனால் பெறுபவரின் இருப்பே அவர் கொடையால் வந்தது என்பதை ஏற்கவில்லை.

ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட 48 பிட் மேக் முகவரி உண்டு. ஐபி முகவரி வருவதற்கு முன்பும் அது இருக்கும், குத்தகை முடிந்த பின்பும் இருக்கும். டிஎச்சிபி சர்வர் கருவியை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் அதைக் கொண்டுதான். ஒரு பிரிண்டருக்கு எப்போதும் ஒரே முகவரி வேண்டுமென்றால் சர்வரின் ஏட்டில் அந்த மேக் முகவரிக்கு எதிரே ஓர் ஐபி முகவரியை ஒதுக்கி எழுதி வைக்கிறார்கள். சித்தாந்தத்தின் பேருண்மைகளை இந்தச் சிறிய ஏற்பாட்டுக்கு இணை வைப்பது பொருந்தாது. உயிரும் எந்திரமும் ஒன்றல்ல. ஆயினும் இடம் தருபவர் இருப்பைத் தரவில்லை என்ற வேறுபாடு இரண்டிலும் ஒரே கூர்மையோடு நிற்கிறது. அலுவலகத்தில் வகுக்கும் கருவியை ‘தலைமைக் கருவி’ என்று கருதி, இருப்பதிலேயே விலை உயர்ந்த, திறன் மிகுந்த கணினியிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைப்பது இந்த வேறுபாட்டை மறப்பதால்தான். இருபது கருவிகளுக்கு முகவரி கொடுக்க மிகச் சிறிய திறனே போதும்.

எது தகுதி என்பதை இப்போது சொல்லலாம். வகுக்கும் கருவி எப்போதும் இயக்கத்தில் இருக்க வேண்டும். கேட்பவர் அழைப்பு அதற்கு எட்ட வேண்டும். ஏட்டை மறக்கக் கூடாது. மின்சாரம் போய் வந்ததும் பழைய குத்தகைகள் அதற்கு நினைவிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடம் இருக்கும் முகவரியை இன்னொருவருக்கு நீட்டும். இவற்றோடு மற்றொரு அளவுகோல் சேர்கிறது. இணையத்தின் வடிவமைப்புத் தத்துவம் பற்றி டேவிட் கிளார்க் 1988இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்து உண்டு: ஓர் உறவைப் பற்றிய நினைவு, அந்த உறவு எதைச் சார்ந்திருக்கிறதோ அதனிடமே இருக்கட்டும்; அது அழிந்தால் நினைவும் சேர்ந்து அழியட்டும், அதனால் புதிய இழப்பு எதுவும் இல்லை. இந்த அளவுகோலால் பார்த்தால் பெரும்பாலான சிறு அலுவலகங்களுக்கு விடை ரவுட்டர்தான். ரவுட்டர் நின்றால் இணையம் எப்படியும் நிற்கும். முகவரி கொடுக்கும் வேலை அதனிடம் இருப்பதால் பழுதாகக் கூடிய பொருள்களின் எண்ணிக்கை கூடவில்லை. மாலையில் பூட்டிப் போகும்போது அணைக்கப்படும் கணினியிடம் கொடுத்தால் கூடிவிடுகிறது.

அலுவலகத்தில் பயனர்களின் உள்நுழைவைக் கவனிக்கும் ஆக்டிவ் டைரக்டரி போன்ற ஏற்பாட்டோடு ஒரு சர்வர் நிலையாக ஓடுகிறது என்றால் தீர்ப்பு மாறும். டிஎச்சிபி முகவரியை மட்டும் கொடுப்பதில்லை. வெளியே போகும் வாசல் எது, பெயர்களை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கணினிகள் உள்ளே நுழைய அந்தச் சர்வரின் டிஎன்எஸ்ஸைக் கேட்டாக வேண்டும். ரவுட்டர் வெளியிலுள்ள டிஎன்எஸ்ஸைக் காட்டிவிட்டால் உள்நுழைவே தடுமாறும். ரவுட்டரில் அதை மாற்றி எழுத முடிந்தால் ரவுட்டரே தொடரலாம். முடியாத ரவுட்டராக இருந்தால் அதன் டிஎச்சிபியை அணைத்துவிட்டு சர்வரிடம் கொடுப்பதே முறை. ஜோசப் ராஸ் 1986இல் வெளியான ‘சுதந்திரத்தின் அறம்’ என்ற நூலில் அதிகாரத்துக்குத் தந்த நியாயம் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒருவர் தானே முயல்வதைவிட, இன்னொருவர் சொல்வதைக் கேட்டால் தனக்கு ஏற்கெனவே உள்ள காரணங்களை நன்றாக நிறைவேற்ற முடியும் என்றால்தான் அந்த இன்னொருவருக்கு அதிகாரம் நியாயமாகிறது. இந்த நியாயத்தில் அதிகாரம் ஆளுபவரின் சிறப்பிலிருந்து தொடங்கவில்லை, ஆளப்படுபவரின் தேவையிலிருந்து தொடங்குகிறது. கணினிகளின் தேவை இணையம் மட்டும் என்றால் ரவுட்டர். உள்ளக அடையாளமும் என்றால் சர்வர். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசன் செய்ய வல்லவனாக வேண்டிய நான்கில் வகுத்தலை, ஈட்டலுக்கும் காத்தலுக்கும் பிறகு, கடைசியாக வைப்பதும் ஆள்வோர் எதற்காக இருக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது.

கேட்பவர் குரல் எட்டும் தூரத்தில் வகுப்பவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எளிதாகத் தோன்றும். மீறப்படும்போதுதான் அதன் எடை தெரியும். ராமேஸ்வரம் கடலில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே நீரில் மோதி, வலைகள் அறுபட்டு, கரையில் கலவரமான பிறகு, 1970களின் பிற்பகுதியில் வாரத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். மாவட்ட நிர்வாகமும் கரையோர மீனவர்களும் சேர்ந்து எட்டியது அது. குறைகளோடும் அது பல பத்தாண்டுகள் நின்றது. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் ஒரு வரையறை தந்தது. ஒன்று நாளைப் பிரித்தது, மற்றொன்று தூரத்தைப் பிரித்தது.

அதே நீரில் இன்னொரு பிரிவும் நடந்தது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு எல்லைக் கோட்டின் மறுபுறம் போனது; இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல வந்து போகலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு சொன்னது. 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மறுநாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. கோடு வரையப்பட்டது, ஆனால் அதன் இருபுறமும் வலை வீசுபவர்கள், ராமேஸ்வரத்து மீனவர்களானாலும் யாழ்ப்பாணத்து மீனவர்களானாலும், அந்த வகுத்தலில் பேசிய குரல்களாக இல்லை. மூன்று நாள், நான்கு நாள் ஏற்பாடு பிழைத்ததற்கும் எல்லைக் கோடு ஓயாத துயரமாக இருப்பதற்கும் காரணங்கள் பல. விசைப்படகுகளின் இழுவலை கடலடியை அரித்தது அவற்றில் பெரியது. இருந்தாலும் ஒன்று கரையிலேயே பேசி எட்டப்பட்டது, மற்றொன்று டெல்லியிலும் கொழும்பிலும் முடிவானது என்ற வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது. டிஎச்சிபி அழைப்பு தன் வலையமைப்பின் எல்லையைத் தாண்டிப் போவதில்லை. சர்வர் வெளியே இருந்தால், கேட்பவரின் அழைப்பை வாங்கி, அது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற குறிப்போடு சர்வரிடம் சேர்க்கும் இடைக்கருவி ஒன்று எல்லையில் இருந்தாக வேண்டும். தொலைவில் இருப்பது தவறாகாது. கொண்டு சேர்ப்பவர் இல்லாமல் தொலைவில் இருப்பதுதான் தவறு. இரண்டு மாடி, மூன்று கட்டடம் என்று அலுவலகம் வளரும்போது முதலில் மறக்கப்படுவதும் இந்த இடைக்கருவிதான்.

இனி எஞ்சுவது, வகுப்பவருக்கு யார் வகுத்தது என்ற கேள்வி. முகவரி கொடுக்கும் சர்வர் தன் முகவரியைத் தன்னிடமே கேட்டுப் பெற முடியாது. அதற்கு மட்டும் மனிதக் கை ஒரு நிலையான முகவரியை எழுதி வைக்க வேண்டும். ரவுட்டரோ உள்பக்கம் கொடுப்பவர், வெளிப்பக்கம் பெறுபவர். அதற்கு இணைய நிறுவனம் தருகிறது. இந்தியாவில் அந்த நிறுவனம் முகவரித் தொகுதிகளை ஐரின் என்ற தேசியப் பதிவகத்திடமோ, ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக்கிடமோ பெறுகிறது. அவற்றுக்கு மேலே உலகுக்குப் பொதுவான ஐயானா. இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக முடிவின்றிப் போவதை இந்திய தர்க்க மரபு அனவத்தை என்ற குற்றமாகக் கருதியது. தானே விளங்கும், தனக்கு மேல் ஒன்றில்லாத ஒரு முதலில் அந்தத் தொடர் நின்றாக வேண்டும் என்பது சைவர் வாதம். இணையத்தின் தொடர் அப்படிப்பட்ட முதலில் நிற்கவில்லை. அதன் உச்சியில் நெடுங்காலம் இருந்தவர் ஜான் போஸ்டெல் என்ற ஓர் ஆய்வாளர். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை அவர் வைத்திருந்தார், எல்லோரும் அவரை நம்பினார்கள். 1998 ஜனவரியில் அவர் கேட்டுக்கொண்டதும் டிஎன்எஸ்ஸின் உச்சியில் நிற்கும் பன்னிரண்டு வேர் பெயர் சர்வர்களின் நடத்துநர்களில் எட்டுப் பேர் அவரது கணினியை மூலமாக ஏற்று மாறினார்கள். அமெரிக்க அரசு தலையிட்டதும் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் போஸ்டெல் காலமானார். ஐயானாவின் பணிகள் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. உச்சியில் இருப்பது ஏற்பு. ஏற்பவர்கள் விலகினால் அது இல்லை. இறைவனைப் பற்றிய வாதத்தை மனித அதிகாரங்களுக்கு அப்படியே நீட்டக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

அலுவலகத்தில் வகுப்பவரை மாற்றும்போது செய்ய வேண்டியவையும் இதுவரை பார்த்தவற்றிலிருந்தே கிடைக்கின்றன. சில நாட்களுக்கு முன்பே குத்தகைக் காலத்தைச் சுருக்கி வைத்தால் பழைய ஏட்டின் பதிவுகள் விரைவில் காலாவதியாகும். பழையதை அணைத்த பிறகே புதியதை இயக்க வேண்டும். இரண்டும் ஒரு மணி நேரம் சேர்ந்து ஓடினாலும் மோதல் நுழையும். பிரிண்டர், கேமரா பதிவுப்பெட்டி, சர்வர் ஆகியவற்றுக்குக் கையால் எழுதப்பட்ட முகவரிகளைப் புதிய கருவி கொடுக்கும் தொடரிலிருந்து விலக்கிவிட வேண்டும். அலுவலகத்தில் கூடுதல் வைஃபை ரவுட்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். எந்தக் கருவி வகுக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தக் கருவியின் மேலேயே ஒட்டி வைப்பது, அடுத்து வரும் ஊழியருக்குச் செய்யும் பெரிய உதவி.

ஐபி பதிப்பு 6 இந்தக் கேள்வியை வேறு தளத்துக்குக் கொண்டுபோகிறது. அதில் முகவரிகள் ஏறக்குறைய அளவற்றவை. ரவுட்டர் முன்பாதியை மட்டும் அறிவிக்கிறது. பின்பாதியான 64 பிட்டைக் கருவி தானே உருவாக்கிக்கொண்டு, ‘இதில் யாராவது இருக்கிறீர்களா’ என்று அண்டையாரைக் கேட்டு, பதில் இல்லையென்றால் குடியேறுகிறது. கண்மாய் நிறைந்த நாளின் நிலை இது: அவரவர் வாய்க்கால் அவரவருக்கு, ஆனால் மடை இன்னும் ஒருவர் கையில். ஒன்றுக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் இருக்க முடியாது என்ற காரணம் இங்கேயும் மறையவில்லை. அதை நிறைவேற்றும் பொறுப்பு ஏட்டிலிருந்து அண்டையாரின் விசாரணைக்கு மாறியிருக்கிறது. இப்போது பெரும்பாலான இணைப்புகளில் இரண்டு பதிப்பும் சேர்ந்தே வருகின்றன. சர்வரே வகுக்கட்டும் என்று பதிப்பு 4க்கு முடிவு செய்த அலுவலகத்தில், ரவுட்டர் பதிப்பு 6இன் அறிவிப்பில் தன் டிஎன்எஸ்ஸைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால், கணினிகள் அதையும் கேட்கும்; இரு வகுப்பவர் நிலை யாரும் அறியாமல் திரும்பிவிடும். ரவுட்டரின் அந்த அறிவிப்பில் டிஎன்எஸ் வரியை நீக்கி, அல்லது சர்வரின் முகவரியையே அதில் எழுதி, இரு பதிப்புக்கும் ஒரே முடிவை நடைமுறைப்படுத்தினால்தான் தேர்வு முழுமையாகும்.